அவர்கள் அருவிக்குப் போன பிறகு

மாரித்தாயின் வாயைச் சிவனணைந்தபெருமாள் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தினான்.

"ஏட்டி, சத்தம் போடாதே. அவுக எந்திரிச்சிருவாக."

அவன் கைக்கு மேலே அவள் கண்கள் அகலத் திறந்திருந்தன. கை நனைந்தது. அவள் தலையை அசைத்த பிறகுதான் கையை எடுத்தான்.

தொழுவத்தில் கயிற்றுக் கட்டிலில் அவன் ஐயா சங்கிலிப்பாண்டி செத்துக் கிடந்தார். விடியும்போது தண்ணீர் கேட்டார். மருமகள் மாரித்தாய் செம்பைக் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், வீட்டுக்குள், சீசனுக்கு வாடகைக்கு வந்த மதுரைக்காரர் குடும்பம் தூங்கிக்கொண்டிருந்தது.

"மாமாவை இப்பிடிப் போட்டுட்டு அழாம இருக்கச் சொல்லுதீரா?"

"இன்னைக்கு ஐந்தருவிக்குப் போகுதாக. சோறு கட்டிக்கிட்டுப் போகுதாக, சாயங்காலம்தான் திரும்புவாக. வண்டி கெளம்பட்டும். பொறவு அழுவோம்."

"பொறவா?"

"ஆமா, பொறவு."

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். அவன் ஐயாவின் கண்களை மூடினான். தாடையைத் துண்டால் கட்டினான். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினான். எல்லாவற்றையும் திருடப் போனவன் மாதிரி மெதுவாகச் செய்தான்.

சிவனணைந்தபெருமாள் பிறந்தது அந்த வீட்டில்தான். குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற பாதையிலிருந்து பிரியும் தெரு. ஐயாவுக்கு மலையடித் தோப்புகளில் காவல் வேலை. அவருக்கு மூப்பு வந்ததும் மகனுக்கு அதே வேலை. தோப்புகள் ஒவ்வொன்றாகக் கை மாறின. வாங்கியவர்கள் பங்களா கட்டினார்கள். காவலுக்கும் அவரவர் ஊரிலிருந்தே ஆள் கொண்டுவந்தார்கள். அவன் குளிக்க வருகிறவர்களின் பெட்டிகளைச் சுமந்தான். விறகு பிளந்தான்.

ஆனி பிறந்தால் ஊரில் எல்லாவற்றுக்கும் சீசன் விலை. அரிசி, பால், விறகு, வாழை இலைக்குக்கூட. முன்பெல்லாம் புரட்டாசியில் இறங்கிவிடும். பங்களாக்கள் பெருகிய பிறகு ஏறிய விலை இறங்க மறந்தது. கூலி மட்டும் பழைய கூலி.

முதலில் முன்னறையை மட்டும் வாடகைக்கு விட்டான். அது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'நம்ம வீட்டிலே ஒரு வக்கீல் இருக்காரு' என்று காப்பிக் கடையில் சொன்னான். மறு வருஷம் நடுக்கூடமான பட்டாசலைக் கேட்டார்கள். பிறகு அடுப்படி. கடைசியில் மாட்டை விற்றுவிட்டு, மாடு நின்ற இடத்தில் மூவரும் போய்ப் படுத்தார்கள். சீசன் முடிந்து வீட்டுக்குள் திரும்பும்போது சொந்தச் சுவரில் வேறு யாரோ அடித்த ஆணிகள் இருக்கும். அவற்றைப் பிடுங்க வேண்டாம் என்பான். அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கு உதவும்.

தெருவில் பாதி வீடுகள் விலை போய்விட்டன. செங்கோட்டைக்குப் போனார்கள், புனலூருக்குப் போனார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. காலையில் பார்த்தால் வாசல் தெளித்திருக்காது. அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஐயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்த வீட்டுத் தலைவாசலின் பலா மர நிலை அவர் மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது.

"ஏலே, என்னைத் தொழுவத்திலே போட்டுட்டே, சரி. செத்தா தலைவாசல் வழியாத் தூக்கிட்டுப் போ."

காய்ச்சலில் சொன்னார். காய்ச்சல் விட்டபோதும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவன் "சரிய்யா" என்றான்.

போன வருஷம் இதே சாரலில் எதிர்வரிசையில் முத்துவடிவு வீட்டில் ஒரு சாவு. வாடகைக்கு இருந்தவர்கள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாவு வீடு என்று பேச்சுப் பரவி, பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. முத்துவடிவு குடும்பம் தை வரைக்கும் தாங்கியது. இப்போது அந்த வீட்டை இடித்துவிட்டு ஒரு பங்களாக்காரர் கார் நிறுத்துகிறார். சிவனணைந்தபெருமாள் அதைத்தான் நினைத்தான். மதுரைக்காரர் ஆவணி முடிய வாடகையை முன்பே கொடுத்திருந்தார். அது அரிசியாகவும் ஐயாவுக்கு மருந்தாகவும் ஆகிவிட்டது.

"பெருமாளு, வெந்நீர் ஆச்சா?"

மதுரைக்காரரின் குரல். அவருக்கு மதுரையில் ஜவுளிக்கடை.

"இந்தா வந்துட்டேன், மொதலாளி."

வெந்நீர் வைத்தான். கூடைகளைக் கட்டினான். ஜமுக்காளத்தை உதறி மடித்து வண்டியில் விரித்தான். மதுரைக்காரரின் மனைவி அடுப்படி நடையில் நின்று கேட்டாள்.

"உங்க அப்பாவுக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?"

"தூங்குதாரும்மா."

"ராத்திரியெல்லாம் இருமிக்கிட்டே இருந்தார், பாவம். இந்தா, சூடா ரெண்டு இட்லி. எந்திரிச்சதும் குடு."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தொழுவத்துக்குக் கொண்டுபோனான். மாரித்தாய் இலையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். இலையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

குதிரை வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. வழக்கம்போல் வீட்டுச் சாவியை அவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"இனி அழு" என்றான்.

மாரித்தாய் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

"வரமாட்டேங்கு" என்றாள்.

நான்கு வீடு தள்ளியிருந்த மாடனைக் கூட்டிவந்தான். மாடன் அவனோடு சேர்ந்து தோப்புக் காவல் பார்த்தவன். கிழவரின் கையைத் தூக்கிப் பார்க்கப் போய், அது மடங்காததைக் கண்டு விட்டுவிட்டான்.

"எப்ப உசிரு போச்சு?"

"இப்பத்தான்."

"இப்பத்தானா? கட்டையா வெறச்சுக் கெடக்கு. யார்கிட்டலே சொல்லுதே?"

மாடன் பூட்டியிருந்த வீட்டைத் திரும்பிப் பார்த்தான். புரிந்துவிட்டது.

"அது சரி. சாவதுக்கும் சீசன் பாக்க ஆரம்பிச்சாச்சா?"

"மாடா, ஒண்ணும் பேசாத. ஆள் கூட்டிட்டு வா."

"இலத்தூருக்குச் சொல்லி விட்டியா? வள்ளித்தாய் வர வேண்டாமா? ஒரே மகள்லா?"

"அவ வந்தா தெருமுனையிலிருந்தே மாரடிச்சுக்கிட்டு வருவா. அதுக்குள்ள இவுகளும் வந்துருவாக. தூக்கினதும் சொல்லிக்கிடலாம்."

மாடன் காறித் துப்பப் போனவன், பிணம் கிடக்கிற இடம் என்று விழுங்கிக்கொண்டு போனான்.

முன்பு இந்தத் தெருவில் ஒரு சாவு என்றால் பாடை தூக்கப் போட்டி போடுவார்கள். இப்போது நான்கு தோள் சேர்க்க மாடன் பங்களா பங்களாவாக அலைய வேண்டியிருந்தது. ஒரு தோட்டக்காரன், ஒரு காவல்காரன், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவன். மூவரும் முதலாளிகளிடம் பொய் சொல்லிவிட்டு வந்தார்கள். சங்கு வேண்டாம் என்று சிவனணைந்தபெருமாள் சொன்னான். கொட்டு வேண்டாம் என்றான்.

வீட்டைத் திறந்தான். மதுரைக்காரர்களின் மெத்தைகளைச் சுருட்டி மூலையில் வைத்தான். கொடியில் காய்ந்த அந்த அம்மாளின் சேலையை, பிணத்தின் மேல் படாதபடி எடுத்து மடித்தான். ஐயாவைப் பட்டாசலில் கிடத்தினார்கள். சீக்கிரம் தூக்கிவிட்டுத் தரையைச் சாணி போட்டு மெழுகிவிட்டால் மதுரைக்காரருக்குத் தெரியப்போவதில்லை. ஐயாவும் கேட்ட வழியாகவே போய்விடுவார். காலையிலிருந்து அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் இதுதான்.

பாடையைத் தூக்கினார்கள். அவன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் இறங்கினான். முன்னால் பிடித்திருந்த இருவரும் நிலையைத் தாண்டினார்கள். அப்போது குதிரையின் சலங்கைச் சத்தம் கேட்டது.

வண்டி தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. ஐந்தருவியில் வெள்ளம் என்று பாதி வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"திருப்பு" என்றான்.

"என்னலே?" என்றான் மாடன்.

"உள்ள திருப்பு. தொழுவத்து வழியாப் போயிருவோம்."

"வாசல் தாண்டின பொணத்தை எவனாவது திருப்புவானா? ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"ஒங்கால்ல விழுதேன், மாடா. திருப்பு."

அவர்கள் திருப்பத் தெரியாமல் நிலைக்கு நடுவே நின்றார்கள். வண்டி வந்து நின்றது. மதுரைக்காரர் இறங்கினார். பாடையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"பெரியவரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"காலையிலே தூங்குறார்னு சொன்னியேப்பா" என்றாள் அந்த அம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நான் இட்லி குடுத்தேனே."

மதுரைக்காரர் சொன்னார்.

"எங்களை என்னன்னு நெனச்சே, பெருமாளு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க வேற எடம் பாத்துட்டுப் போயிருக்க மாட்டோமா? ஏம்ப்பா, எதுக்குத் திருப்புறீங்க? இது அவர் வீடு. வாசல் வழியாவே கொண்டு போங்க. நாங்க ஒதுங்கி நிக்கிறோம்."

மனைவியைக் கையைப் பிடித்து இறக்கி, எதிர்ச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். தெரு காலியாக இருந்தது. மாடன் சிவனணைந்தபெருமாளைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். அவன் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தால் போதும்.

"இல்லைங்க மொதலாளி" என்றான். "பின்னாலயே போயிருதோம். ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்."

யாரும் அதை அவனிடம் கேட்கவில்லை. சொல்லி முடித்தபோது வாயில் ஒரு சிரிப்பும் இருந்தது. வாடகை பேசும்போதும் வெந்நீர் கொடுக்கும்போதும் வருகிற அதே சிரிப்பு. அது வந்ததை அவனே உணர்ந்தான். அடக்க முடியவில்லை.

பாடை திரும்பியது. பட்டாசலைக் கடந்து அடுப்படிக்குள் போயிற்று. பின்வாசல் குறுகல். பாடையைச் சாய்க்க வேண்டியிருந்தது. கட்டு நெகிழ்ந்து ஐயாவின் தலை ஒரு பக்கம் சரிந்து சுவரில் உரசியது. மாரித்தாய்க்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவள் மாமனாரைச் சொல்லி அழவில்லை. புருஷனின் பெயரைச் சொல்லி, தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

தொழுவத்தைத் தாண்டிச் சாக்கடை ஓரமாகப் பாடையைக் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரையில் ஈர விறகு பிடிக்க வெகுநேரம் ஆயிற்று. மாடன் வேலை முடியும்வரை அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் காடாற்றுக்குப் பால் வேண்டியிருந்தது. பால்காரர் ஒரு செம்பு கொடுத்தார். பங்களாவுக்கு அளவு குறையும் என்று முனகினார். அவன் தனியாகப் போய்ச் சாம்பலில் பாலைத் தெளித்து, எலும்புகளை ஆற்றில் விட்டுவிட்டு வந்தான். மதுரைக்காரர் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. அவன் பெட்டிகளைத் தூக்கப் போனான். அவர் வேண்டாம் என்று சொல்லி வண்டிக்காரனைத் தூக்கச் சொன்னார். கொடுத்த வாடகையைத் திருப்பிக் கேட்கவில்லை. மாரித்தாய் வீட்டைக் கழுவினாள். சோற்றைத் தொழுவத்தில்தான் பொங்கினாள். அவன் இலத்தூருக்கு நடந்தான். வள்ளித்தாய் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மச்சான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று அவன் கேட்டான். இருந்தது. போய்ப் பார்த்தார்கள். ஓடு சில இடங்களில் உடைந்திருந்தது. கிணறு கொஞ்சம் தூரம். குற்றாலத்து வீட்டை என்ன செய்யப் போகிறாய் என்று மச்சான் கேட்டார். ஆவணி முடிய வாடகை கொடுத்தவர் மதுரைக்காரர், அவருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றான். பதினாறு கழிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பினான். வழியில் மழை பெய்தது. இருட்டுவதற்குள் குற்றாலம் வந்து சேர்ந்தான்.