பச்சையில்லாத பாசி

அம்மனைக் கும்பிடுகிறவர்களே, கோபத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அது இன்னும் முழுதாக ஆறவில்லை.

குளுவாங் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்து ஓரமாக ஐந்து மாடுகள் வளர்க்கிறேன். வெள்ளிதோறும் மாரியம்மனுக்குப் பால் என் கொட்டகையிலிருந்துதான் போகும். அபிஷேகத்தில் வழிந்த தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வருவேன். புண்ணியத் தண்ணீர், கொட்டலாமா? வாரம் முழுக்க மாடுகளின் மடியை அதில்தான் கழுவுவேன்.

போன மார்கழியில் என் மூத்த மாடு வள்ளியின் மடி கல்லானது. பால் தண்ணீராக, திரிதிரியாக வந்தது. ஊசிமேல் ஊசி. கேட்கவில்லை. தகரம் கிழித்த என் முழங்கையும் ஆறவில்லை. அதையும் அந்தத் தண்ணீரில்தான் கழுவியிருந்தேன். கிளினிக் களிம்பு பூசப் பூசப் புண் அகன்றது. கை மடங்கவில்லை. கறக்க முடியாதவனுக்கு மாடு எதற்கு?

"பால்ல தண்ணி கலந்திருப்பே லா, அதான் ஆத்தா காட்டுறா," என்று கோவிலில் ஒருவர் சிரித்தார்.

எரிந்தது எனக்கு. நடை சாத்தும் நேரத்தில் சன்னதி முன் நின்று கத்தினேன்.

"உனக்குப் பால் ஊத்துன கைடீ இது! ஆத்த வேணாம். என்ன சீக்குன்னாவது சொல்லித் தொலை!"

"அலமாக், மெதுவா பேசுங்கண்ணே," என்று பதறினார் பூசாரி. நான் அழுதேன்.

நான்காம் நாள், வள்ளியின் பாலைச் சோதனைக்கு அனுப்பியிருந்த மாட்டு டாக்டரம்மா வந்தார்.

"அண்ணே, இது பாக்டீரியா இல்ல, காளானும் இல்ல. பாசி. பச்சையே இல்லாத பாசி. தேங்குன அழுக்குத் தண்ணியில வாழும். ஊசிக்கு அடங்காது. இந்த மாட்டை மத்த மாட்டோட வைக்காதீங்க." பிறகு என் கையைப் பார்த்தார். "அது என்ன? இந்தப் பேரை எழுதித் தர்றேன், பெரியாஸ்பத்திரியில சொல்லிக் கையைக் காட்டுங்க."

ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிச் சோதித்தார்கள். அதே பாசி. பல வாரம் மருந்து ஏறியது. கை மடங்கியது.

எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. பீப்பாய்க்குள் கைவிட்டுப் பார்த்தேன். பாலும் பன்னீரும் புளித்து, சுவரெல்லாம் வழவழ. என் பக்தி அப்படித் தேங்கிக் கிடந்தது.

வள்ளி அடிமாட்டு லாரியில் ஏறிப் போனாள். பேரைத்தான் கேட்டேன், தாயே. பேரைக் கொடுத்து மாட்டை எடுத்துக்கொண்டாய். அந்தக் கணக்கில் உன்னோடு இன்னும் சண்டைதான். ஆனாலும் கேட்டாய். கத்தியவனைத் துரத்தாமல் கேட்டாய். இப்போது இரண்டு கையும் கூப்பித்தான் சண்டை போடுகிறேன்.

ஆறாத புண்ணோடு இருப்பவர்களே, அவள் முன்னால் போய்க் கத்துங்கள். அவளுக்குக் காது உண்டு. கத்திவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போகும்முன் பீப்பாயைக் கவிழ்த்துவிடுங்கள்.