ஹுல்டா துலக்கிய வெள்ளி டாலர்

லவான் திருடினாளாம்! யார் கண்டது? ரீனோவில் சலவைக் கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த ஊர்வம்புக்காரி இர்மா என்ன வேண்டுமானாலும் சொல்வாள். லவான் அந்த வெள்ளி டாலரைச் சூதாட்ட விடுதியிலிருந்து எடுத்தது உண்மைதான். ஆனால் தன் கைக்காசு ஒரு டாலர் நோட்டை வைத்துவிட்டுத்தான் எடுத்தாள். அங்கே அவளோடு சில்லறை மாற்றித் தரும் வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் செய்ததுதான் அது. இன்னொன்றும் சொல்கிறார்கள். மாமியார் துலக்கிக் கொடுத்த காசை நல்ல விலைக்கு விற்று, அவளுக்கு ஒரு சென்ட் கூடக் கொடுக்காமல் ஓடிவிட்டாளாம். அதைக் கேட்டால்தான் வயிறு எரிகிறது.

புருஷன் லாரி விபத்தில் போனபின் லவான் மாமியார் ஹுல்டாவோடுதான் இருந்தாள். ஹுல்டா கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஜன்னலைத் திறக்கக்கூட அவளைக் கேட்க வேண்டும். சாக்ரமென்டோவில் முடி அலங்காரம் படித்து, தனியாக ஓர் அறை எடுத்துப் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான் லவானின் ஆசை.

அப்போதுதான் அந்தக் கறுத்த டாலர் கைக்கு வந்தது. பின்பக்கத்துக் கழுகுப் படத்துக்குக் கீழே இரண்டு சின்ன எழுத்து, பக்கத்து ஊர் கார்சன் சிட்டியில் அடித்ததற்கு அடையாளம். வருஷம் 1889. அங்கே அடித்த அந்த வருஷத்துக் காசு லேசில் கிடைக்காது.

மாதம் ஒருமுறை ஓட்டல் அறையில் தங்கிப் பழைய காசு வாங்கும் கஸ்டெல்லி, அதை விளிம்பில் பிடித்து விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"முந்நூறு தரலாம்மா. இப்ப கையில அவ்வளவு இல்ல, அடுத்த தடவ கொண்டாரேன். ஆனா தொடைச்சிடாதீங்க. இந்தக் கறுப்புக்கும் சேத்துத்தான் விலை."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அந்த வீட்டில் சனிக்கிழமை தோறும் கரண்டி முதல் கதவுப்பிடி வரை துலக்கியாக வேண்டும். மாமியாரிடம் சொன்னால், எதற்காக விற்கிறாய் என்று கேட்பாள். குளிர்காலக் கையுறைக்குள் காசை ஒளித்தாள். வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கையுறையைத் தடவிப் பார்ப்பாள்.

கஸ்டெல்லி வருகிற சனிக்கிழமை, கையுறை தட்டையாக இருந்தது.

"இதையா தேடுற?" சமையலறையிலிருந்து ஹுல்டா வந்தாள். உள்ளங்கையில் காசு நிலா மாதிரி மின்னியது. "அழுக்குப் புடிக்க வச்சிருக்கியே, யாராச்சும் பாத்தா என் வீட்டப் பத்தி என்ன நெனப்பாங்க? கை கடுக்கத் தேச்சேன். எப்படி இருக்கு?"

லவான் காசை வாங்கிக்கொண்டாள். மாமியாரின் விரல்களில் இன்னும் துலக்கும் பசை கறுப்பாக இருந்தது.

"பளபளன்னு இருக்கும்மா."

கஸ்டெல்லி ஒரே பார்வையில் கண்டுகொண்டார். "அடடா, தேச்சுட்டீங்களே. கீறலப் பாருங்க, எல்லாம் ஒரே பக்கமா ஓடுது. எண்பதுக்கு மேல முடியாதும்மா."

எண்பது படிப்புக்குக் காணும். அறைக்குக் காணாது. எங்கே படுப்பது, எதைச் சாப்பிடுவது? ஆனாலும் பணத்தை வாங்கிக்கொண்டாள். இனி ஒரு மாதம் அந்த வீட்டில் காத்திருந்தால் கிளம்பவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

காசை விற்றுவிட்டேன், சாக்ரமென்டோவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லவான் பெட்டியோடு வாசலுக்கு வந்தபோது ஹுல்டா குறுக்கே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போறதுன்னு முடிவு பண்ணிட்ட. சரி. நான் தேச்சதாலதான நல்ல வெல கெடச்சுது? அதயாவது சொல்லிட்டுப் போ."

லவான் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"ஆமாம்மா. நீங்க தேச்சதாலதான்."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.