தீவிலிருந்து வந்த மூன்று கற்கள்

மொன்றியலில் நான் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் யூத மதாமுக்குப் பார்வை மங்கிவிட்டது. அவருடைய தகப்பன் கிரேக்க நாட்டுச் சின்னத் தீவொன்றிலிருந்து இளவயதில் இங்கே வந்தவர். பிறகு யுத்தத்தில், ஜெர்மன் படை அந்தத் தீவின் யூதரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. தகப்பனின் தாய், தந்தை, குட்டித் தங்கை மூவரும் திரும்பவில்லை. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை.

அவர்களைப் பற்றி ஏதாவது கிடைக்காதா என்று மதாம் வருடக்கணக்காகக் கடிதம் போட்டார். அவர் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டியது நான்தான். கடைசியில் தீவின் ஆசிரியர் ஒருவர் பதில் எழுதினார். படமில்லை, பதிவில்லை, வீடிருந்த தெரு மட்டும் தெரிகிறதாம். அந்தத் தெரு முடியும் கடற்கரையில் ஆளுக்கொன்றாக மூன்று கற்கள் பொறுக்கி, சிறு துணிப்பையில் அனுப்பியிருந்தார். மதாம் பைக்குள் கைவிட்டு நாள்முழுக்கத் தடவிக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் பையைக் காணவில்லை. நானும் கேட்கவில்லை.

பனி உருகியதும் தகப்பனின் கல்லறைக்குப் போக ஆசைப்பட்டார். என் கணவர் காரோட்டினார். நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். கல்லறை என்றால் கூட்டிக் கழுவிப் பூ வைக்காமல் எனக்குக் கை அடங்காது. மதாம் மெல்ல இறங்கி வருவதற்குள் முன்னே ஓடிப்போய், சருகையும் மேலே கிடந்த கற்களையும் அள்ளி வேலியோரச் சேற்றுக்குள் வீசினேன். துடைத்துப் பூ வைத்தேன். பெருமை வேறு!

மதாம் வந்து கல்லறை மேல் கையால் துழாவினார்.

"கற்கள் எங்கே?"

அப்போதுதான் விளங்கியது. நாம் பூ வைப்பதுபோல் யூதர் கல் வைப்பார்கள். காணாமற்போன பையிலிருந்த தீவுக் கற்களைத்தான் மதாம் யாரையோ கொண்டு இங்கே வைப்பித்திருக்கிறார்; நான் வீசியது அவற்றை. ஓடிப்போய்ச் சேற்றைக் கிளறினேன். அகப்படவில்லை.

"மனிசிக்குக் கண் தெரியாதப்பா. பாதையிலை கிடக்கிற மூண்டைப் பொறுக்கிக் குடு," என்றார் கணவர்.

கொடுத்தேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மதாம் ஒவ்வொன்றையும் பெருவிரலால் தடவினார். பாதைக்கு உடைத்துக் கொட்டிய ஜல்லி, ஓரமெல்லாம் கூர். கடல் தேய்த்த கல் எப்படியிருக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியாதா? ஆனாலும் ஒரு பெயர் சொல்லி ஒன்றை வைத்தார். இன்னொரு பெயர், இன்னொரு கல். குட்டித் தங்கையின் பெயரில் குரல் உடைந்தது.

பிறகு என் சேற்றுக் கையைத் தேடிப் பிடித்து, "மெர்சி" என்று நன்றி சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.