உப்பளத்தில் அடைபட்ட ஹார்முஸ்

மரக்காணத்தில் ஹார்முஸ் ஜலசந்தியை அடைத்தது பாயும் நானும்தான். எந்த டிவியிலும் அது வரவில்லை.

வளைகுடாவில் பதற்றம், கப்பல்கள் நிற்கின்றன என்று செய்தி அலறியதும் ஊரே டீசலுக்கு வரிசை கட்டியது. பெட்ரோல் பங்கில் கேனில் ஊற்ற மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். என்னிடம் கடைசிக் கேன் ஒன்று இருந்தது. அன்றைக்கு என் உப்பளப் பாத்திக்குத் தண்ணீர் கட்டாவிட்டால் உப்பு வறண்டு கசந்துபோகும். வேறு வழியில்லாமல் அதைத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினில் ஊற்றி ஓடவிட்டேன். பக்கத்துக் கழிவெளி ஏரித் தண்ணீர் வாய்க்காலில் ஏறிப் பாத்தியைப் பார்த்து ஓடியது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து வந்தார் பாய். வளைகுடாவில் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்த்துவிட்டு இப்போது ரோட்டோரம் மளிகைக் கடை வைத்திருப்பவர். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஏன் பாய், எங்கியோ கப்பல் நின்னா எனக்கு ஏன் டீசல் இல்ல?"

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. வாய்க்கால் ஓரம் குந்தினார்.

"இந்தக் கரை ஈரான். அந்தக் கரை ஓமன். நடுவுல இவ்ளோதான் வழி. இப்பப் பாரு." பெரிய களிமண் கட்டி ஒன்றைப் பாத்திக்குப் போகும் மடைவாயில் அமுக்கினார். "மேல எண்ணெய் தேங்குது. கீழ இருக்கறவன் காயுறான்."

"அப்ப நம்ம நேவி?"

"அதான் தொணைக்குப் போவும்." என் செருப்பை வாங்கி மிதக்கவிட்டார். டீ குடித்த பேப்பர் கப் எண்ணெய்க் கப்பலானது. போர்க்கப்பல் முன்னால் போவதா பின்னால் போவதா என்று எங்களுக்குள் பெரிய தகராறு. கடைசியில் இரண்டு பக்கமும் காவல் வேண்டும் என்று தன் செருப்பையும் இறக்கினார்.

எஞ்சின் இருமி நின்றபோதுதான் திரும்பினோம். டீசல் தீர்ந்திருந்தது. தண்ணீரெல்லாம் கரை வழிந்து, கடற்படையோடு கழிவெளிக்கே திரும்பிப் போயிருந்தது. பாத்தி காய்ந்து கிடந்தது.

அந்தப் பக்கம் உப்பு வாரிக்கொண்டிருந்த என் மனைவி வந்து பார்த்தாள். காலால் ஒரே உதை, ஜலசந்தி திறந்தது.

"அவ்ளோ பெரிய நாடுங்க அடிச்சிக்கிட்டும் நமக்கு ஒரு கேன் மிச்சம் இருந்துது," என்றாள். "அத ரெண்டு பேரும் பேசியே தீத்துட்டீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் கைலியை மடித்துக் கட்டி வாளியை எடுத்தார். பொழுது சாயும்வரை மூவரும் மொண்டு ஊற்றினோம். பாதிப் பாத்திதான் தேறியது.

மறுநாள் பாய் கடைக்குப் போனேன். டிவியில் ஒருவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஹார்முஸை விளக்கிக்கொண்டிருந்தார். பாய் எழுந்து அணைத்துவிட்டார்.