என் வீட்டுக்காரர் குடிப்பதாகச் சொன்னேன்

பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிப்போனவர் என் கணவர். ஓசூரில் பஸ் ஏறி, ஜூஜுவாடி தாண்டி, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று போய்ச் சேர்வதற்குள் பாதிப் பகல் போய்விடும். அதற்காக நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வருவார். குடிக்கிறவள் நான். அவர் டீகூட அளவாகத்தான் குடிப்பார்.

எனக்கு இரண்டு வியாதி என்றார் டாக்டரம்மா. ஒன்று குடி. அதற்கு அடியில் இருப்பது ஆளுமைக் கோளாறு. என் கணவர் வரும் கம்பெனி பஸ் கொஞ்சம் தாமதமானாலே, அவர் என்னை விட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்டிவிடுவேன். வந்ததும் கத்துவேன், தட்டை வீசுவேன், கொஞ்ச நேரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு அழுவேன். பிறகு அந்த வெட்கம் அடங்கக் குடிப்பேன். அத்திப்பள்ளிக் கடைக்குப் போய் வாங்குவேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் கிடையாது. முதலில் பார்த்த ஒரு டாக்டர், குடியை நிறுத்திவிட்டு வா, மனசைப் பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். இந்த அம்மாதான், "ரெண்டையும் சேத்துத்தான் பாக்கணும். ஒண்ணுக்கு ஒண்ணு தீனி போடுது" என்றார்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லாம் குடிகாரர்களின் மனைவிகள். ஒரு நாள் பக்கத்தில் இருந்த ஜூஜுவாடிக்காரி, எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த என் கணவரைப் பார்த்தாள். தூக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது.

"உங்க வீட்டுக்காரரு எத்தினி வருசமா குடிக்கிறாரு?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்தே" என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். அவளுடைய தம்பி என் கணவர் போகும் கம்பெனி பஸ்ஸிலேயே போகிறவன். ஒரு வாரத்துக்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஷிப்டில் யாராவது பாகத்தைத் தப்பாக மாட்டினால்கூட, "அண்ணன் நேத்து ஓவரா?" என்று இவரைப் பார்த்துச் சிரிப்பார்களாம். அவர் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்று நான்தான் சண்டைக்குப் போனேன். என் திமிரைப் பாருங்கள்.

"இல்லன்னு சொன்னா, அப்ப யாருக்காக ஆஸ்பத்திரின்னு கேப்பாங்க" என்றார்.

இந்தப் பொய்யை டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லிப் பாருங்க. சொன்னா எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு பயம் வரும். அந்தப் பயத்தோடயே சொல்லுங்க. குடிக்காம சொல்லுங்க."

அதற்குள் செய்தி என் கணவரின் சொந்த ஊரான கோவில்பட்டிப் பக்கம் வரை போய், மாமியார் பையோடு வந்து இறங்கிவிட்டார். மகனை நிற்க வைத்துக் கேட்டார்.

"ஏலே, உங்கப்பன் பீடிகூடத் தொட்டதில்லையேலே. ஒனக்கு எங்கேருந்து வந்துச்சு இந்தப் புத்தி?"

என் கணவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. டாக்டரம்மா சொன்ன பயம் வந்தது. ஆனால் அன்று நான் குடித்திருக்கவில்லை.

"அத்தை, குடிக்கிறது அவரு இல்ல. நான்தான்."

அத்தை முகம் கோணி, கண் நிறைந்து, என் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"புருசன் மானத்தைக் காப்பாத்த இம்புட்டுப் பெரிய பழியவா தாயி தலையில தூக்கி வச்சுக்கிடுவ?"

"சத்தியமா நான்தான் அத்தை" என்றேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. மகன் பக்கம் திரும்பி, "இவ காலைக் கழுவிக் குடிச்சாலும் ஒன் பாவம் தீராதுலே" என்றார். புள்ளை வற்றிப் போயிருக்கிறாள், நாளைக்கு இட்லி ஊற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மாவுக்கு ஊறப்போட அடுப்படிக்குள் போனார்.

உளுந்து டப்பாவுக்குள் என் பாட்டில் இருந்தது.

திரும்பி வந்தவர் அதை மகன் முன்னால் தரையில் வைத்தார். "திங்கிற பண்டத்துக்குள்ளயா ஒளிச்சு வைக்க?" என்றார். இப்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை.

என் கணவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார். அது அங்கே இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரியும். நான் விட்டுவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

"இனிமே வைக்க மாட்டேம்மா" என்றார்.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அது என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பயத்தில் சொல்லவில்லை என்றுதான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய். இவர் என்னை விட்டுப் போகவே மாட்டார் என்று கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த நிமிஷம்தான் எனக்கு நிச்சயமானது. தாய் முன்னால் அவர் தலை குனிந்து நிற்க, எனக்கு நிம்மதியாக இருந்தது. குடித்ததுகூட வியாதி என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதியை என்னவென்று சொல்வது?