இரண்டு அரசாங்கம் குடியிருந்த வீடு

அப்பா அம்மா வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவள் கேட்டக்கா. ரயில் கேட்டைப் பதினான்கு வருடமாக ஏற்றி இறக்குகிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்த வட்டாரத்தில் அவளைத் திட்டாதவர் கிடையாது. பால் வண்டிக்காரர் திட்டுவார், பள்ளிக்கூட வேன்காரர் திட்டுவார், ஒரு வேலையும் இல்லாதவர்தான் எல்லோரையும்விட அதிகமாகத் திட்டுவார். அவளும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

கணவர் தீயணைப்பு வண்டி ஓட்டுபவர். ரயில் மத்திய அரசினுடையது, தீயணைப்பு மாநில அரசினுடையது. ஆக, அந்த இரண்டறை வீட்டில் இரண்டு அரசாங்கம் குடியிருந்தது. குழாய் ஒழுகினால், "இது மாநிலப் பொறுப்பு" என்பாள் அவள். "மத்தியில இருந்து உத்தரவு வரட்டும்" என்பார் அவர். மகள் மதிப்பெண் குறைந்து வந்தால், "கல்வி பொதுப் பட்டியல்ல இருக்கு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்று அட்டையை நீட்டுவாள். வாய்க்கொழுப்பில் அவள் இரண்டு அரசாங்கத்துக்கும் வாரிசு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டரின் போன் வந்தது. கேட் மூடுவதற்கு உறுதியாக அவர் ஒரு ரகசிய எண் சொன்னார், இவள் ஒரு எண் சொன்னாள், இரண்டையும் பதிவேட்டில் எழுதிக் கேட்டை இறக்கினாள். சிக்னல் பச்சையானது. அதற்குப் பிறகு ரயில் போகும்வரை கேட் திறக்காது, தானாகப் பூட்டிக்கொள்ளும்.

இரண்டு நிமிடத்தில் சைரன் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மெத்தைத் தொழிற்சாலைக்கு மேல் கரும்புகை. இந்தப் பக்கம் கேட்டை முட்டிக்கொண்டு தீயணைப்பு வண்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து வந்தது அவள் கணவர்.

"கேட்டைத் திற."

"நம்பர் குடுத்தாச்சுங்க. சிக்னல் விழுந்தாச்சு."

"உள்ள வாட்ச்மேன் மாட்டிக்கிட்டிருக்காரு. மாடியில உயிரோட இருக்காரு. திற."

அவள் கேட் அறைக்குள் திரும்பினாள். அறைச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் அரக்கு முத்திரை வைத்த அவசரச் சாவி. முத்திரையை உடைத்துச் சாவியைத் திருகினால் சிக்னல் சிவப்பாகும், கேட் திறக்கும். பதினான்கு வருடத்தில் அவள் அந்தப் பெட்டியைத் துடைத்திருக்கிறாளே தவிரத் தொட்டுத் திறந்ததில்லை. பயிற்சியின்போது ஓர் அதிகாரி சொன்னது மண்டையில் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்தது: "சீலை உடைச்சா உங்க வேலையும் உடையும்."

போனை எடுத்தாள். "சார், ஃபயர் இன்ஜின் நிக்குது. சீலை உடைக்கட்டுமா?"

"வண்டி இப்பதான் முந்தின ஸ்டேஷனை விட்டிருக்கும்மா. அவசரப்படாதே. கண்ட்ரோல் ரூமைக் கேட்டுச் சொல்றேன், லைன்லயே இரு."

அவள் லைனிலேயே இருந்தாள். வாசலில் வந்து நின்றார் கணவர்.

"உடை. நான் பதில் சொல்லிக்கிறேன்."

"யாருக்குப் பதில் சொல்லுவீங்க? உங்க ஆபீசருக்கா, எங்க ஆபீசருக்கா?"

அதே வார்த்தையை வீட்டில் சொல்லியிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். இப்போது அவர் முகத்தில் அவள் அதுவரை பார்க்காத ஒரு வெறுப்பு இருந்தது. போனில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. கண்ட்ரோல் மேலதிகாரியைத் தேடியது. மேலதிகாரி இன்னொரு போனில் இருந்தார். சைரனை நிறுத்தக்கூட யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பத்தொன்பதுக்கு, அனுமதி வருவதற்கு முன்னால் ரயில் வந்துவிட்டது. அதுவும் பாதிப் பெட்டி காலியாக.

கேட் ஏறியதும் வண்டி பாய்ந்து போனது. வாட்ச்மேனைத் தூக்கி வந்தபோது உயிர் இல்லை. புகை முந்திக்கொண்டது.

விசாரணை இரண்டு நடந்தது. மாநில அதிகாரிகள் எழுதினார்கள்: கேட் மூடியிருந்தது, மாற்று வழி இல்லை, தீயணைப்புத் துறைமேல் தவறில்லை. மத்திய அதிகாரிகள் எழுதினார்கள்: ஊழியர் மேலிடத்தைக் கேட்டு விதிப்படி நடந்துகொண்டார், ரயில்வேமேல் தவறில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், அந்த மனிதர் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தானாகவே செத்துப்போனார் என்று ஆகும்.

மூன்று வாரம் வீட்டில் பேச்சு இல்லை. அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார், அவள் சுவரைப் பார்த்துப் பரிமாறினாள். மகள்கூட வாயைத் திறக்கவில்லை. அவர் தன்னைக் கொலைகாரியாகப் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள். அதைவிட மோசம், அவர் பார்ப்பது சரிதான் என்றும் நினைத்தாள்.

ஒரு ஞாயிறு காலை வாட்ச்மேனின் மனைவி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அது நிறையக் காகிதம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"மாநில ஆபீசுல மத்தியைக் கேளுன்னாங்க. மத்தியில மாநிலத்தைக் கேளுன்னாங்க. உங்க வீட்டுல ரெண்டும் இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு. அதான் வந்தேன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் வந்திருந்தாள்.

"என்னம்மா கேக்கணும்?" என்றாள் கேட்டக்கா.

"அவரைக் காப்பாத்தியிருக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் யாராவது சொல்லிட்டா போதும். முடியாதுன்னா மனசைத் தேத்திக்கிறேன்."

முடியாது என்ற ஒரே ஒரு வார்த்தை. இரண்டு அரசாங்கமும் முத்திரை குத்திக் கொடுத்த வார்த்தை. அதைச் சொன்னால் வந்தவள் அழுதுவிட்டுப் போய்விடுவாள், வேலை பிழைக்கும், மகளின் படிப்பு பிழைக்கும். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டக்கா வந்தவளின் முகத்தைப் பார்த்தாள்.

"முடிஞ்சிருக்கும்" என்றாள்.

பிறகு எல்லாம் வந்தது. "முந்தின ஸ்டேஷன்ல இருந்து ரயில் வர எட்டு நிமிஷம் ஆகும். அது எனக்கு மனப்பாடம். அப்பதான் விட்டிருக்குன்னு மாஸ்டர் சொன்னதுமே சீலை உடைச்சிருக்கலாம். ரயில் எங்கேன்னு தெரிஞ்சுட்டா, கேட்டுல இருக்கிற ஆளே உடைக்கலாம்னுதான் விதி. யாரையும் கேக்க வேண்டியதில்லை. என் கையிலயே இருந்த அதிகாரத்துக்கு நான் போய் அனுமதி கேட்டுக்கிட்டு நின்னேன்."

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சொன்னதையே எழுதத் தொடங்கினாள்.

"பேனாவை வை" என்றார் கணவர். மூன்று வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "வேலை போயிடும்."

அவள் நிறுத்தவில்லை. எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"ரயில் பாலத்துக்கு அடியில ஒரு ரோடு இருக்கும்மா" என்றார் வந்தவளிடம். "சுத்துவழிதான். ஆனா நாலு நிமிஷம். பெரிய வண்டியும் போகும். இவ முடியாதுன்னதுமே நான் திரும்பியிருக்கணும். கோபத்துல இவகிட்ட மல்லுக்கட்டிக்கிட்டு நின்னேன். வேற வழி இல்லைன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

குனிந்து, மனைவியின் கையெழுத்துக்குக் கீழே எழுதினார். எழுத்து கோணல் மாணலாகப் போயிற்று.

வாட்ச்மேனின் மனைவி அந்தத் தாளை வாங்கி மெதுவாகப் படித்தாள். திட்டுவாள் என்று கேட்டக்கா காத்திருந்தாள். இந்த ஒரு திட்டை இரண்டு காதிலும் வாங்கிக்கொள்ள அவள் தயாராக இருந்தாள்.

"கடைசி வரைக்கும் என்கிட்ட போன்லதான் பேசிக்கிட்டிருந்தாரு" என்றாள் வந்தவள், தாளை மடித்துக்கொண்டே. "'சைரன் கிட்டக்க கேக்குது, வந்துட்டாங்க, இனிமே பயமில்லை, நீ போனை வை'ன்னாரு. நானும் வெச்சுட்டேன்."