வணக்கத்தை வெட்டுபவர்

வணக்கத்தைத்தான் முதலில் வெட்டுவார் சடகோபன். அடுத்து ‘அண்ணாமாரே’. கடைசியில் ‘முன்கூட்டியே நன்றி’. ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கான கணினி உதவித் தளம் ஒன்றில், புதியவர்களின் கேள்விகளைத் திருத்தும் பொறுப்பு அவருடையது. டார்னெய்ட் புறநகரில் உள்ள அவர் வீட்டின் சாப்பாட்டு மேசையில், ரசப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினி திறந்திருக்கும்.

“என் மெசேஜையும் இப்படித்தான் வெட்டிட்டுப் படிப்பீங்களா?” என்பார் மனைவி விமலா.

“நீ எழுதறதுல பாதி வேஸ்ட்தானே.”

“அந்தப் பாதியிலதான் சாப்பிட்டீங்களான்னு கேட்டிருப்பேன்.”

தெளிவான கேள்வி பாதி விடை என்பது அவர் கொள்கை. அதில் தவறில்லை. கேட்கும் ஆளைக் கழித்துவிட்டால் கேள்வியில் என்ன மிஞ்சும் என்று மட்டும் அவர் யோசித்ததில்லை. உழைப்பாளி, அதற்கு மேல் அவரைப் புகழ நான் அவசரப்பட மாட்டேன்.

சென்ற குளிர்காலத்தில் கிரான்பர்னிலிருந்து யசிந்தா என்ற பெண் எழுதியிருந்தார்: “வணக்கம் அண்ணாமார். வீடியோ கோல்ல என்ர முகம் மற்றப் பக்கம் தெரியுதில்லை. நாளைக்கு மன்னாரில அம்மாவுக்கு ஒப்பரேஷன். அதுக்கு முன்னம் என்னை ஒருக்காப் பாக்கோணுமாம். கெதியா உதவி செய்யுங்கோ.”

சடகோபன் திருத்தியதும் எஞ்சியது இவ்வளவுதான்: ‘வீடியோ அழைப்பில் என் படம் மறுமுனையில் தெரியவில்லை. ஏன்?’ திருத்தத்துக்கான காரணம் கேட்கும் கட்டத்தில், வழக்கம்போல், ‘தேவையற்றவை நீக்கம்’ என்று எழுதினார்.

விடை அவருக்குத் தெரியும். கேமராவுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பொத்தான். ஆனால் எளிய கேள்விகளைப் புதிய தொண்டர்களுக்கு விட்டுவைப்பது அவர் வழக்கம். அவசரம் என்று தெரியாத தொண்டர் ஒருவர், இரண்டு நாள் கழித்து, படங்களோடு அழகாக விடை போட்டார். அதன் கீழே யசிந்தா எழுதினார்: “நன்றி அண்ணா. இனித் தேவையில்லை. அம்மா கண் முழிக்கேல்லை. என்ர குரலை மட்டும்தான் கேட்டவ.”

“நாளைக்கு ஆபரேஷன்னு இருந்த வரியை நீங்க கவனிக்கலையா?” என்று விமலா கேட்டார்.

“படிச்சேன். படிச்சுட்டுத்தான் வெட்டினேன்.”

வெட்டிய வரிகளை அவர் திரும்பச் சேர்த்துவிட்டார். யசிந்தாவுக்கு மன்னிப்புக் கேட்டும் எழுதினார். பதில் இல்லை. அந்தக் கணக்கு அதன்பின் திறக்கப்படவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது ஒரு கேள்வி வந்தது. ரோவிலில் இருக்கும் அரியரத்தினம் என்ற முதியவர். பிரிண்டர் வேலை செய்யவில்லையாம். “எல்லாருக்கும் என்ர அன்பான வணக்கம்” என்று தொடங்கியிருந்தார். சடகோபனின் வலக்கை பழக்கத்தில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டது. திரையில் அது நீலமாக நின்றது. கையை மவுசிலிருந்து எடுத்துத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு பதில் எழுதும் கட்டத்தில், இடக்கையின் ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தட்டினார்:

“வணக்கம் ஐயா. பிரிண்ட் எப்போ வேணும்?”